வேலூரிலிருந்து கடலோரம் வரை சைக்கிளில்: நெரிசல் இல்லாத வழியும் கருவேல முள்ளும்

வேலூரிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நம் ஊரைத் தாண்டிப் போகும் பாலாறு வயலூருக்கு அருகில் கடலில் கலக்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தாலும், சைக்கிளில் கடலோரம் போகலாம் என்ற எண்ணம் வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே வழி கிழக்குக் கடற்கரைச் சாலையாகவே இருந்தது. முதல் பயணத்தில் அதிலேயே போனேன். வலது தோளுக்குப் பின்னால் வரும் பேருந்தின் சத்தத்திலேயே நாள் முழுவதும் கவனம் இருந்ததால், கடலை நின்று பார்த்த நினைவுகூட மனதில் தங்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று முறை வழியை மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வேலூரிலிருந்து அமிர்தி வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் போய், அன்றே திரும்பிவர முடிகிறவர் யாரும் இதைச் செய்யலாம்.

படி 1: வழியைத் தீர்மானித்தல்

நான் பரிந்துரைக்கும் வழி வேலூர், கண்ணமங்கலம், ஆரணி, வந்தவாசி, சோத்துப்பாக்கம், செய்யூர் என்று போய், கடப்பாக்கத்துக்கு அருகில் கடலைத் தொட்டு, தெற்கே மரக்காணத்தில் முடிகிறது. இதை இரண்டு நாளாகப் பிரித்து, முதல் இரவு வந்தவாசியில் தங்குங்கள். வந்தவாசி வரையிலான பாதி வழி பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குள்ளேயே அமைந்திருப்பதால், நமக்குப் பழக்கமான ஏரிக்கரைகளும் வேர்க்கடலைக் கொல்லைகளும் கூடவே வரும்.

கடலோரத்துக்கு வந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. கடலை ஒட்டியே ஊர் ஊராகப் போய்விடலாம் என்று வரைபடத்தைப் பார்க்கும்போது தோன்றும். ஆனால் அங்கே கடல்நீர் புகுந்து தேங்கும் கழிவெளிகளும் முகத்துவாரங்களும் கரையைத் துண்டு துண்டாக வெட்டிவைத்திருக்கின்றன. மீனவர் ஊர்களுக்குப் போகும் சாலைகள் சீப்பின் பற்களைப் போன்றவை. கிழக்குக் கடற்கரைச் சாலை சீப்பின் முதுகு. ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குப் போக முதுகுக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆகவே அந்த முதுகில் போகும் தொலைவைக் குறைப்பதும், அதையும் காலை ஏழு மணிக்குள் முடிப்பதும்தான் நெரிசலைத் தவிர்க்கும் வழி. மிச்சப் பொழுதை செய்யூர், சூணாம்பேடு வட்டாரத்து உட்சாலைகளிலும், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடலை நோக்கிப் போகும் ஊர்ச் சாலைகளிலும் செலவிடுங்கள்.

புறப்படுவதற்கு முன் செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு துண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கிங்காம் கால்வாயின் கரை மேலிருந்து பார்த்தால் சாலையைப் போலவே தெரியும். நான் ஒருமுறை அதை நம்பிப் போய், பாலம் இல்லாத இடத்தில் சைக்கிளுடன் நின்றுவிட்டு ஐந்து கிலோமீட்டர் திரும்பி வந்தேன். வரைபடத்தில் ஒரு கோடு நீரைக் கடந்தால், அங்கே பாலத்தின் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். நிழல் இல்லையென்றால் அது வழியில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மரக்காணத்து உப்பளங்களின் வரப்புகளும் படத்தில் பாதையாகத் தெரியும். அவை பிறர் உழைக்கும் இடங்கள். கேட்காமல் சைக்கிளை ஏற்றாதீர்கள்.

படி 2: காற்றைப் பார்த்து நாளைக் குறித்தல்

சனவரியிலும் பிப்ரவரியிலும் வாடை வீசும். வடகிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று, வடக்கிலிருந்து தெற்கே போகிறவரைப் பின்னாலிருந்து தள்ளும். செய்யூரிலிருந்து மரக்காணம் நோக்கிப் போகச் சொல்வதற்கு இதுவே காரணம். அந்த மாதங்களில் மரக்காணத்துக்கு அருகிலுள்ள களிவெளி ஏரியில் பூநாரைகளையும் பார்க்கலாம் (அந்த ஏரி 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது). பங்குனிக்கு மேல் தெற்கிலிருந்து காற்று திரும்பிவிடும். அப்போது போவதென்றால் வழியைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வெயில் ஏறித் தரை சூடானதும் நடுப்பகல் வாக்கில் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வரத் தொடங்கும். கடலை நோக்கிப் போகும் பகுதியை அதற்கு முன்பே முடித்துவிட்டால் எதிர்காற்றுத் தொல்லை இருக்காது.

வேலூர் வெயிலில் பழகியவருக்குக் கடலோர வெயில் லேசாகத்தான் தோன்றும். ஆனால் இங்கே உடனே உலர்ந்துவிடும் வியர்வை அங்கே ஈரக்காற்றில் உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. எனவே வழக்கமான வேகத்தைக் குறைத்துக்கொண்டு, தாகம் எடுக்கும் முன்பே நீரோ உப்புப் போட்ட மோரோ குடியுங்கள். கரையோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் என்பதால் செய்யூரிலேயே பாட்டில்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 3: சைக்கிளும் சுமையும்

கியர் இல்லாத சைக்கிளே போதும். இந்த வழியில் பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. டயர் மட்டும் அகலமாக, 38 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சுமையை முதுகில் மாட்டாமல் கேரியரில் இருபுறமும் சமமாகக் கட்டுங்கள். முதுகுப்பையுடன் போனவர் இரண்டாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் தவித்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

படி 4: பஞ்சர்

இந்தப் படிக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். உட்சாலைகளின் இருபுறமும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வேலிக்கும் விறகுக்கும் அதை வெட்டி இழுத்துப் போகும்போது முள் சாலையில் சிந்துகிறது. இரண்டாவது பயணத்தில் கடப்பாக்கத்தை நெருங்கும்போது பின்சக்கரம் இறங்கியது. ட்யூபில் ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினேன். இரண்டு கிலோமீட்டரில் மீண்டும் இறங்கியது. மீண்டும் ஒட்டினேன். மூன்றாவது முறை இருட்டத் தொடங்கியதால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒரு பஞ்சர் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த அண்ணன் ட்யூபைத் தொடவே இல்லை. டயரின் உட்புறத்தை வெளியே திருப்பி, ஒரு பழைய பனியன் துணியை அதற்குள் மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துணியின் நூல் மாட்டி நின்றது. "ஒட்டு நல்லாத்தான் போட்டிருக்கீங்க தம்பி, முள்ளை எடுக்கலையே" என்றார். எள்ளளவு கூட இல்லாத கறுப்பு முனை ஒன்று ரப்பருக்குள் ஒடிந்து இருந்தது. வெளிப்புறத்தில் விரலால் தடவிப் பார்த்தால் அது தட்டுப்படவே இல்லை.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும். டயரைக் கழற்றும் முன்பே, வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரின் மேல் சாக்பீசால் ஒரு கோடு போடுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் நெம்பிகளால் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் வெளியே எடுங்கள். இரும்பு நெம்பியும் ஸ்குரூடிரைவரும் ட்யூபைக் கடித்துப் புதிய ஓட்டை போட்டுவிடும். ட்யூபில் காற்றடித்து, கன்னத்துக்கு அருகில் வைத்துச் சுற்றிக்கொண்டே வந்தால், வாளித் தண்ணீர் இல்லாமலேயே காற்று வரும் இடம் தெரிந்துவிடும். அந்த இடத்தை நடுவாக வைத்துப் பேனாவால் நீளமாகக் கூட்டல் குறி போடுங்கள். சின்னப் புள்ளி வைத்தால் உப்புத்தாள் தேய்க்கும்போது அழிந்துபோகும்.

பிறகு வால்வைச் சாக்பீஸ் கோட்டுக்கு நேராக வைத்து ட்யூபை டயரின்மேல் விரித்துப் பாருங்கள். ஓட்டைக்கு நேராக இருக்கும் இடத்தில்தான் முள் இருக்கும். ட்யூபைப் பக்கம் மாற்றிப் பிடித்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால், வால்வுக்கு மறுபுறம் அதே தொலைவில் உள்ள இடத்தையும் பாருங்கள். அங்கே டயரை வெளிப்பக்கமாக மடக்கினால் துளை வாய் திறக்கும். உள்ளிருந்து ஊக்கால் முள்ளை வெளியே தள்ளுங்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்தாமல் பருத்தித் துணியை டயர் முழுவதும் இரண்டு திசையிலும் இழுங்கள். அன்று எனக்கு இரண்டு முள் இருந்தன. விரலால் தேடாதீர்கள், முள்ளுக்குப் பதிலாகக் கண்ணாடிச் சில்லு இருந்தால் விரல் கிழிந்துவிடும்.

ஒட்டுவதில் பொறுமையே முக்கியம். சொலூஷன் என்னும் பசையைத் தடவியவுடன் ஒட்டுத் துண்டை வைக்கக் கூடாது. பளபளப்பு மங்கும் வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். உரித்து ஒட்டும் துண்டுகளை நான் வாங்குவதே இல்லை, நம் வெயிலில் அவை ஒரே நாளில் நழுவிவிடுகின்றன. சொலூஷனைத் திறக்காத புது ட்யூபாகக் கொண்டுபோங்கள், திறந்தது பையிலேயே காய்ந்துபோயிருக்கும். திரும்ப மாட்டும்போது ட்யூபில் சிறிது காற்றடித்துவிட்டு உள்ளே வையுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் முடியுமாறு கட்டைவிரலாலேயே டயரை ரிம்முக்குள் தள்ளுங்கள். கடைசியில் வால்வை ஒருமுறை உள்ளே அழுத்திவிட்டால், அதற்கு அடியில் ட்யூப் சிக்கியிருந்தாலும் விடுபட்டுவிடும்.

பின்டயருக்குள் பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டிப் பட்டையாக விரித்துக்கொள்வதும் நல்லது. சக்கரம் சற்றுக் கனக்கும். ஆனால் அப்படிச் செய்த பிறகு இரண்டு பயணங்களில் பின்சக்கரம் ஒருமுறைகூட இறங்கவில்லை.

படி 5: உப்பைக் கழுவுதல்

கடற்காற்றில் ஒரே இரவில் செயின் துருப்பிடிக்கும். தங்கும் இடத்தில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பீய்ச்சி அடித்தால் பால்ரஸ் இருக்கும் இடத்துக்குள் நீர் புகுந்துவிடும். துடைத்து உலர்ந்ததும் கண்ணிக்கு ஒரு துளி வீதம் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்து எடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் அதில் மணல் பிடித்துக்கொள்ளும். ஈரமணலில் ஓட்டிப் பார்க்க ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அங்கே தெறிக்கும் உப்புநீர் எத்தனை கழுவினாலும் முழுவதும் போகாது என்பதால், மணல் தொடங்கும் இடத்தில் இறங்கி நடப்பதே என் வழக்கம்.

கரையில் நேரம் கிடைத்தால் கடப்பாக்கத்துக்கு அருகிலுள்ள ஆலம்பரைக் கோட்டைக்கு மாலையில் போங்கள். செங்கல்லும் சுண்ணாம்புமாக இடிந்து நிற்கும் அந்தச் சுவரில் ஒரு பக்கம் கழிவெளியும் மறுபக்கம் கடலும் தெரியும். 1750இல் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுக்கப்பட்ட அந்தக் கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். அதே ஆண்டு சனவரியில்தான் இந்த இருவரும் மோதிய வந்தவாசிப் போரும் நடந்தது. முதல் இரவு தங்கிய ஊருக்கும் இந்தச் சுவருக்கும் உள்ள அந்த உறவை, சைக்கிளில் இரண்டு நாள் கடந்து வந்த பிறகு உடம்பாலேயே உணர முடிகிறது.

திரும்புவதற்குத் திண்டிவனம் வழியாக விழுப்புரம் போய், சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து காட்பாடிக்கு ரயிலில் வந்துவிடலாம்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன குடியாத்தம் நண்பர் ஒருவர், ஒட்டுப் போட்ட பிறகும் காற்றடிக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். அவருடைய சைக்கிளில் இருந்தது மெல்லிய, நீளமான வால்வு. ஊர்ப் பஞ்சர் கடைகளில் இருப்பதோ மோட்டார் சைக்கிள் வால்வுக்கான குழாய். அப்படிப்பட்ட வால்வு இருந்தால், சைக்கிள் கடையில் சிறு தொகைக்குக் கிடைக்கும் பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி, வால்விலேயே திருகி வைத்துக்கொள்ளுங்கள். மீனவர் ஊர்களில் சாலை ஓரத்தில் வலையும் கருவாடும் காயப்போட்டிருந்ததையும் அவர் சொன்னார். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வலையின் மேல் சக்கரம் ஏறினால் நரம்பு அறுந்துவிடும், அதைப் பின்னிச் சரிசெய்ய அவர்களுக்கு அரை நாள் ஆகும்.