லாட்ஜ் கணக்கைப் படிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

அமெரிக்க ஊர்களில் மேசன்கள், எல்க்ஸ், மூஸ் போன்ற சகோதர சங்கங்களின் கிளைகளுக்கு லாட்ஜ் என்று பெயர். அறை எடுத்துத் தங்கும் லாட்ஜ் அல்ல! லாப நோக்கமில்லாத இச்சங்கங்கள் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு ஆண்டுதோறும் அனுப்பும் 990 என்ற கணக்குப் படிவத்தை யாரும் பார்க்கலாம். பத்து வருடப் படிவங்களை அடுக்கிவைத்து 'வளர்கிறது', 'தேய்கிறது' என்று தீர்ப்புச் சொல்பவர்கள் அதிகம் ஏமாறுவது வருவாய் எண்ணில்தான்.

பல லாட்ஜ்களில் உறுப்பினர்களுக்கென்று ஒரு பார் உண்டு. அங்கே வருடத்துக்கு 80,000 டாலருக்கு விற்பனை, சரக்கு வாங்கிய செலவு 45,000 என்று வையுங்கள். 'மொத்த வருவாய்' என்ற 12ஆம் வரியில் சேர்வது மிச்சம் 35,000 மட்டுமே. முதல் பக்க உச்சியில் ஜி கட்டத்தில் இருக்கும் மொத்த வரவிலோ முழு 80,000-மும் உண்டு. ஒரு வருடத்துக்கு ஜி கட்டத்தையும் மறுவருடத்துக்கு 12ஆம் வரியையும் எடுத்தால் சங்கம் பாதியாகிவிட்டது போலத் தெரியும். பாரில் ஒரு கிளாஸ்கூடக் குறைந்திருக்காது.

சந்தாவிலும் இப்படி ஒரு பொறி. நன்கொடை போன்ற சந்தா 1பி வரியில் வரும். சலுகைகளுக்கு ஈடான சந்தா 2ஆம் வரிக்குப் போகும். கணக்கர் மாறினால் அதே பணம் வரி மாறி உட்காரலாம். 1பி காலியாக இருக்கிறதே என்று உறுப்பினர்கள் ஓடிவிட்டதாக எழுதிவிடாதீர்கள். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

மனை விற்ற வருடத்தின் உபரி மறுவருடம் வராது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் வரைபடம் போடும்போது மறந்துவிடுகிறார்கள். பற்றாக்குறை என்றதும் பதறவும் வேண்டாம். அதில் தேய்மானம் எவ்வளவு என்று பாருங்கள்; அந்த வருடம் கையைவிட்டுப் போன காசு அல்ல அது. பழைய கட்டடத்தின் ஏட்டு மதிப்பும் சந்தை விலை அல்ல, வாங்கிய விலையில் தேய்மானம் போக மிஞ்சியது.

படிவத்தின் மேல் உள்ள ஆண்டு, நிதியாண்டு தொடங்கிய ஆண்டு. ஏப்ரலில் கணக்கு தொடங்கும் லாட்ஜின் 2019 படிவம் 2020 மார்ச்சில் முடியும். கொரோனா அடைப்பின் முழு அடியைத் தேடினால் 2020 படிவத்தைத்தான் எடுக்க வேண்டும்.

நடுவில் ஒரு வருடம் படிவமே இல்லையா? வழக்கமாக 50,000 டாலருக்கு மேல் வரவில்லாத சங்கம் 990-என் என்ற மின் அஞ்சலட்டை அனுப்பினால் போதும். அதில் தொகை எதுவும் இருக்காது. அந்த இடத்தில் பூஜ்யம் போடாமல் காலியாக விடுங்கள். தொடர்ந்து மூன்று வருடம் அதுகூட அனுப்பாவிட்டால்தான் வரிவிலக்கு தானாகப் பறிபோகும்.