தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ: நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எட்டு வாரப் பழக்கங்கள்

போன ஆவணியில் அண்ணன் மகள் கல்யாணம். பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இலையை மடித்துவிட்டு எழப் போனால் கால் வரவில்லை. வலது கையைத் தரையில் ஊன்றி, இடது கையைப் பக்கத்திலிருந்த மருமகளிடம் கொடுத்துத்தான் எழ முடிந்தது. எனக்கு வயது 51. எதிர் வரிசையில் 76 வயது அம்மா, முழங்கால் மேல் ஒரு கையை வைத்தார், எழுந்தார், கை கழுவப் போய்விட்டார்.

அம்மா நாற்பது வருஷம் நாற்று பறித்து, நட்டு, களை எடுத்தவர். இன்றைக்கு எங்கள் திருவாரூர் பக்கத்து வயல்களில் நடவுக்கு மெஷின், அறுவடைக்கு மெஷின். கடைத்தெருவுக்கு ஸ்கூட்டி. அடுப்படி மேடை இடுப்பு உயரத்தில். உடம்புக்குத் தானாகக் கிடைத்த வேலையெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. தட்டில் சோறு மட்டும் அம்மா காலத்து அளவிலேயே இருக்கிறது. போன வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நாம்தான் திரும்பக் கூப்பிட வேண்டும்.

நாற்பதை ஒட்டித் தசை மெல்லக் குறைய ஆரம்பிக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்வதும் வேகமாகிறது. வயதான காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுவதற்கான விதை இந்த வயதிலேயே விழுந்துவிடுகிறது. நல்ல செய்தி என்னவென்றால், எந்த வயதில் வேலை கொடுத்தாலும் தசை பலப்படும்.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் இருப்பவர்களும், இதயத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

ஆரம்பிக்கும் முன்: அளந்து எழுதுங்கள்

கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரில் முட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் கட்டாயம் சுவர் வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நழுவும். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 14 என்ற எண்ணுக்குக் கீழே போனால் விழும் அபாயம் இருப்பதாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். நாம் அந்த வயதுக்கே இன்னும் போகவில்லை. எனக்கு முதல் நாள் வந்தது 11.

அடுத்து, இடுப்புச் சுற்றளவு. நம் நாட்டவருக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. தையல்காரர் டேப் போதும். பிறகு இரத்த அழுத்தமும் சர்க்கரையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐத் தாண்டினாலோ மருத்துவரைப் பாருங்கள். 100 முதல் 125 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. பழக்கங்கள் அதிகம் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

எல்லாவற்றையும் தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.

வாரம் 1, 2: டிகாக்‌ஷன் இறங்கும் நேரம்

புதுப் பழக்கத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க நினைத்தால் அது நிற்காது. நான் முன்பு ஒருமுறை அப்படி ஆரம்பித்துத் தோற்றிருக்கிறேன். ஜனவரி முதல் தேதியிலிருந்து தினம் ஒரு மணி நேர நடை என்று முடிவெடுத்தேன். ஒன்பதாம் நாள் முழங்கால் வீங்கியது. மூன்று மாதம் எதுவும் செய்யவில்லை. அதனால் இந்த முறை, ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். எங்கள் வீட்டில் தவறாதது காலைக் காபி.

ஃபில்டரில் வெந்நீர் ஊற்றினால் டிகாக்‌ஷன் இறங்கப் பத்து நிமிடமாவது ஆகும். அதற்குள் செய்ய வேண்டியது இரண்டே இரண்டு.

முதலாவது, குதிகால் தூக்கல். அடுப்படி மேடையை இரண்டு கையாலும் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தரை ஈரமாக இருக்கக் கூடாது. இரண்டு குதிகாலையும் தூக்கி, முன்பாதத்தில் இரண்டு எண்ணும்வரை நின்று, மெதுவாக இறங்குங்கள். பத்து முறை. கெண்டைக்கால் லேசாக இழுக்கும், அது சரி. சுளீரென்று வலித்தால் நிறுத்துங்கள். முடிந்ததும் மேடையில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி, பிறகு மறு கால்.

இரண்டாவது, அந்த நாற்காலி. முன்பாதி விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, மூச்சை விட்டபடி எழுங்கள். முழங்கால் உள்பக்கம் மடியாமல் கால் விரல்களின் திசையிலேயே போக வேண்டும். உட்காரும்போதுதான் கவனம் தேவை: தொப்பென்று விழாமல் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். தசைக்குப் பாதி வேலை அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. ஐந்து முறை செய்து, கொஞ்சம் நின்று, மறுபடி ஐந்து. முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் அம்மா வாசற்படியில் நின்று பார்த்தார். "என்னடி, காலங்காத்தால எழுந்து எழுந்து உக்கார்ற?" என்றார். காரணத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து அவர்தான் எனக்கு எண்ணிக்கை சொல்கிறார்.

வாரம் 3, 4: சாப்பிட்ட கையோடு பத்து நிமிடம்

காபி நேரத்து வேலை நினைவூட்டாமலே நடக்கிறதா? அப்படியென்றால் மட்டும் இதைச் சேருங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் காத்திருப்பதில் தப்பே இல்லை.

மதியமும் இரவும் சாப்பிட்டதும் பத்துப் பத்து நிமிட நடை. நடக்கும் தசை இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துப் பயன்படுத்திக்கொள்வதால், சோறு சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை அவ்வளவு உயராது. வாரத்துக்கு 140 நிமிடம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் கேட்பது குறைந்தது 150. மீதிப் பத்து நிமிடத்தைக் கோயில் பிரகாரத்தில் கழித்துவிடலாம். வேகம் எவ்வளவு என்றால், கூட நடப்பவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது.

நடக்க இடம் நம் ஊர்களில் யாருக்கும் குறையில்லை. "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி" என்று திருவாரூர்க்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. வேலிக்கு 6.67 ஏக்கர் என்றால் கமலாலயக் குளம் 33 ஏக்கர் கணக்கு. ஒரு சுற்று வந்தால் அன்றைய நடை முடிந்தது. மன்னார்குடிக்கு ஹரித்ராநதிக் குளம், கும்பகோணத்துக்கு மகாமகக் குளம், கிராமத்தில் வாய்க்கால் கரை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தாலே போதும், ஆனால் நாளை விடாதீர்கள். வெயில் காலத்து மதியத்திலும் அதே வழிதான்.

2023 நவம்பரில் அரசு தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தின் நடைபாதை 8 கிலோமீட்டர். அந்த எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள். நம் இலக்கு இப்போதைக்குப் பத்து நிமிடம்.

சர்க்கரை உள்ளவர்கள் வரப்பிலும் சாலையிலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதே தெரியாது, புண் பெரிதான பின்தான் தெரியவரும். இரவு நடைக்கு டார்ச் அவசியம்.

"நான்தான் நாள் முழுக்க வயலில் கிடக்கிறேனே" என்பவர்களுக்கு நடை கூடுதலாகத் தேவையில்லை. குனிந்தே வேலை செய்த முதுகை மாலையில் நிமிர்த்தி நீட்டிவிடுவது அவர்களுக்கு அதிக உதவி.

வாரம் 5, 6: கரண்டிக் கணக்கு

தஞ்சை மண்ணில் சோற்றை விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது, அது தேவையும் இல்லை. சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சோறு போடுகிறோம் அல்லவா? ரசத்துக்குச் சோறு போடுவதை மட்டும் நிறுத்துங்கள். ரசத்தை டம்ளரில் சூடாக ஊற்றிக் குடியுங்கள். முதல் நான்கு நாள் இலையில் ஒரு ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். அந்த இடத்தைக் கீரை மசியல், வாழைத்தண்டுப் பொரியல், சுண்டல் கொண்டு நிரப்புங்கள்.

புரதம் நம் சாப்பாட்டில் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20, 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் 8 அல்லது 9. மீன் சாப்பிடுபவர்களுக்கு நாகப்பட்டினத்து மத்தி விலையும் குறைவு, சத்தும் அதிகம். குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு துண்டைப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிடும் அம்மாக்களுக்குச் சொல்கிறேன்: ஒரு துண்டு உங்கள் தட்டிலும் விழட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

பாரம்பரிய அரிசி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து 170-க்கும் மேற்பட்ட நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்த நெல் ஜெயராமனுக்கு இந்த மண் என்றும் கடன்பட்டிருக்கிறது. மாப்பிள்ளை சம்பா, கருப்புக் கவுனி எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் அதுவும் சோறுதான். நல்ல அரிசி என்று இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டால் பலன் போய்விடும்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, இந்த நான்கில் ஒரு வேளைக்கு ஒன்று.

வாரம் 7: நாற்காலியிலிருந்து பாய் வரை

இனி உயரத்தைக் குறைக்கலாம். நாற்காலியிலிருந்து முக்காலி, முக்காலியிலிருந்து மணை, மணையிலிருந்து பாய். ஒவ்வொன்றிலும் சிரமமில்லாமல் ஐந்து முறை எழ முடிந்த பிறகே அடுத்ததற்கு இறங்குங்கள். பாயில் முதல் சில நாள் பக்கத்தில் கட்டில் கால் போல அசையாத ஒன்று இருக்கட்டும். ஒரு காலை மண்டியிட்டு, மறு பாதத்தை முன்னால் ஊன்றி, அந்தத் தொடையில் கையை வைத்து எழுவதுதான் பத்திரமான முறை. அம்மா பந்தியில் எழுந்தது அப்படித்தான். மூட்டு தேய்ந்து மருத்துவர் தரையில் உட்கார வேண்டாம் என்று சொல்லியிருந்தால் முக்காலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதே வாரத்தில் இரண்டு சின்ன மாற்றம். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, தினமும் ஒரே நேரத்தில் படுங்கள். சாப்பிட்டதும் வெற்றிலை போடும் வழக்கம் இருந்தால், கும்பகோணம் வெற்றிலையை மெல்லுங்கள், சீவலையும் புகையிலையையும் விட்டுவிடுங்கள். புகையிலை சேராத பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. எங்கள் வீட்டுச் செல்லப்பெட்டியில் இப்போது வெற்றிலையோடு ஏலக்காயும் கிராம்பும்தான் இருக்கின்றன.

வாரம் 8: மறுபடி அளந்து பாருங்கள்

அதே நாற்காலி, அதே சுவர், அதே 30 விநாடி. இடுப்பையும் அளந்து காலண்டர் அட்டையில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எனக்கு 11 இருந்த இடத்தில் 15 வந்தது. இடுப்பு இரண்டு சென்டிமீட்டர்தான் குறைந்தது. உங்களுக்கு எண்ணிக்கை ஏறவில்லை என்றால் புதிதாக எதையும் சேர்க்காமல் காபி நேரத்து வேலையில் மட்டும் இன்னொரு ஐந்தைக் கூட்டி, ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள்.