விளம்பர ஏஜென்சியில் நுழைய: பயோடேட்டாவுக்கு முன்னால் போர்ட்ஃபோலியோ

விளம்பர ஏஜென்சி வேலைக்கு முயற்சி செய்பவர்கள் பலரும் பயோடேட்டாவைத்தான் திரும்பத் திரும்ப மெருகேற்றுகிறார்கள். விளம்பர வரிகளை எழுதும் காப்பிரைட்டர், அதன் தோற்றத்தை வடிவமைக்கும் ஆர்ட் டைரக்டர் வேலைகளுக்கு முதலில் புரட்டப்படுவது போர்ட்ஃபோலியோதான், அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு.

‘வேலையே செய்யாமல் எதைக் காட்டுவது?’ யாரும் கேட்காமல் நீங்களாகச் செய்யும் மாதிரி விளம்பரங்களைத்தான். ஸ்பெக் விளம்பரம் என்பார்கள். பிரபலமான ஷூ, கார் பக்கம் போகாதீர்கள். ஆளாளுக்கு அதைத்தான் செய்கிறார்கள். பூட்டு, அழிரப்பர் மாதிரி சப்பையான பொருளை எடுங்கள். ரப்பருக்கு ‘சுத்தமாக அழிக்கும்’ என்று எழுதினால் பார்ப்பவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். ‘தைரியமாகத் தப்புப் பண்ணு’ என்றால் ஒரு நொடி நிற்பார். அந்த வரியை வைத்தே போஸ்டர், ரேடியோ, ரீல் என்று மூன்றும் செய்து பாருங்கள். ஐடியாவுக்குத் தம் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். இப்படி நாலைந்து இருந்தால் போதும். சுமாரான ஒன்று உள்ளே இருந்தால் நல்லதையும் சேர்த்துக் கெடுக்கும், தயங்காமல் தூக்கிவிடுங்கள்.

அப்புறம், எழுத மட்டும்தான் வரும் என்றால் வரையத் தெரிந்த ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1949-இல் நியூயார்க்கில் டிடிபி ஏஜென்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் பெர்ன்பாக், காப்பிரைட்டரையும் ஆர்ட் டைரக்டரையும் ஜோடியாக உட்கார வைத்தார். இன்றும் பல ஏஜென்சிகளில் அதுதான் முறை.

எழுத்தும் படமும் வராதா? சரி, வாடிக்கையாளரிடம் பேசி வேலையை நடத்தும் கிளையன்ட் சர்வீசிங், விளம்பரம் எங்கே, எப்போது வர வேண்டும் என்று திட்டமிடும் மீடியா பிளானிங் இருக்கின்றன. ஏற்கெனவே வந்த ஒரு விளம்பரத்தை எடுத்து, அது யாருக்காக, என்ன சொல்ல வந்தது என்று ஒரே பக்கத்தில் பிரீஃப் எழுதி நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள்.