ஆர்க்கிட் இலை தொங்குதா? தண்ணி ஊத்தாதீங்க, முதல்ல வேரைப் பாருங்க

பூவோட ஆசையா வாங்கிட்டு வந்த ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் ரெண்டே மாசத்துல இலை சுருங்கி தொவண்டு போச்சுன்னா நாம எல்லாரும் செய்ற முதல் தப்பு, பாவம் தாகமா இருக்கு போலன்னு இன்னும் ரெண்டு டம்ளர் ஊத்துறது. நானும் அப்படித்தான் ஒரு செடிய சாகடிச்சேன். வேரு காஞ்சாலும் இலை சுருங்கும், அழுகினாலும் அதே மாதிரிதான் சுருங்கும், ஏன்னா அழுகின வேரால தண்ணிய உறிஞ்ச முடியாது. அதனால இலையப் பாத்து மட்டும் முடிவு பண்ணாதீங்க.

தொட்டிலேர்ந்து செடிய மெதுவா வெளிய எடுங்க. நல்ல வேரு கெட்டியா இருக்கும், காஞ்சிருந்தா வெள்ளி கலர், நனைச்சா பச்சையாகும். அழுகினது பழுப்பா கொழகொழன்னு இருக்கும், இழுத்தா மேல்தோல் உருவிட்டு வந்து உள்ள நூல் மட்டும் நிக்கும். வேருக்கு நடுவுல பாசி உருண்டை ஒண்ணு திணிச்சு வெச்சிருப்பாங்க பாருங்க, பெரும்பாலும் வில்லன் அதுதான், மேல காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள ஈரம் போகவே போகாது. அத பிச்சு எடுத்துடுங்க.

கத்திரிக்கோல நெருப்புல காட்டி ஆறவிட்டு அழுகினத மட்டும் வெட்டுங்க. வெட்டின வாய்ல கொஞ்சம் பட்டைப்பொடி (சமையல்ல போடுற லவங்கப்பட்டைதான்) வைக்கலாம், நல்ல வேர் மேல தூவிடாதீங்க, அது காஞ்சிடும். பூத்தண்டு இருந்தா அதையும் வெட்டிடுங்க, மனசு வராதுதான், ஆனா செடிக்கு இப்ப வேரு விடத்தான் தெம்பு வேணும்.

அப்புறம் ஓட்டை நிறைய இருக்கற சின்ன தொட்டில அடுப்புக்கரியும் தேங்கா மட்டைத் துண்டும் போட்டு வைங்க. மட்டைய ரெண்டு நாள் தண்ணி மாத்தி மாத்தி ஊறவெச்சு உப்ப எடுத்துட்டுதான் போடணும். மண்ணு வேண்டவே வேண்டாம், இது மரத்துல ஒட்டி வளர்ற செடி. மூணு நாலு நாள் தண்ணி ஊத்தாம வெளிச்சம் வர்ற, ஆனா வெயில் நேரா படாத எடத்துல வைங்க. புது வேர் நுனி பச்சையா எட்டிப்பாக்குற வரைக்கும் உரம் கூடாது, அதுக்கு மாசக்கணக்கா கூட ஆகலாம்.

அடியில ஒரே ஒரு பழைய இலை மஞ்சளானா பயப்படாதீங்க, வயசாகி உதிருது, அவ்ளோதான். ஆனா நடுக்குருத்துல தண்ணி தேங்கினா டிஷ்யூ பேப்பரால உடனே ஒத்தி எடுத்துடுங்க, அங்க அழுகல் வந்துட்டா செடி தப்பிக்கிறது ரொம்ப கஷ்டம்.