லெபர்ட் கெக்கோ: இணையத்தில் ப்ரீடரிடம் வாங்குவதற்கு முன்னும் பின்னும்

ஊர்வன வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்குப் பலரும் முதலில் சொல்லும் பெயர் லெபர்ட் கெக்கோ. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா என வறண்ட பாறை நிலங்களில் வாழும் பல்லி. நம் வீட்டுப் பல்லியைப் போலச் சுவரில் ஏறாது. கண்ணுக்கு இமை உண்டு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் வாழும். இன்று ஆறு வயதுப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டால், அந்தப் பிள்ளை கல்லூரி முடிக்கும்போதும் அது உங்கள் வீட்டில் இருக்கும். அதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள். இங்கே சொல்வது அமெரிக்காவில் ப்ரீடரிடம், அதாவது பல்லிகளைப் பெருக்கி விற்பவரிடம், வாங்குகிறவர்களுக்கு.

1. அனுமதி உண்டா என்று பாருங்கள்

ஹவாயில் இதை வளர்க்க முடியாது. மற்ற மாநிலங்களில் பொதுவாகத் தடை இல்லை, ஆனால் உங்கள் ஊர் விதியையும் வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஊர்வன சால்மோனெல்லா கிருமியைப் பரப்பக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் 65 வயது தாண்டியவர்களும் அவற்றைத் தொட வேண்டாம் என்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்கிறது. கைக்குழந்தையோ தாத்தா பாட்டியோ வீட்டில் இருந்தால் இதை முதலிலேயே பேசி முடிவெடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்கள் கவனிக்க: அங்கே சட்டம் வேறு. இணையத்தில் யாராவது நட்சத்திர ஆமை விற்றால் விலகிவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

2. பல்லிக்கு முன் தொட்டி

குறைந்தது 20 கேலன் நீளத் தொட்டி வேண்டும். 40 கேலன் என்றால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் தரைச்சூடு 90 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி, மறுபக்கம் 75 அளவில் இருக்கட்டும். மறைந்துகொள்ள சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, தோல் உரிக்க ஈரமான இடம் ஒன்று. சூட்டுக் கருவியை, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டவே மாட்டாதீர்கள், பல்லியின் வயிறு வெந்துவிடும். எல்லாவற்றையும் சில நாள் ஓடவிட்டு, சூடு நிலையாக நிற்கிறதா என்று அளந்த பிறகுதான் பல்லியைத் தேட ஆரம்பிக்க வேண்டும். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் பக்கத்தில் யார் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் பல்லியைப் பார்ப்பதில்லை.

3. ப்ரீடரைக் கேள்வி கேளுங்கள்

மார்ஃப்மார்க்கெட் போன்ற தளங்களில் பல ப்ரீடர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம், வாங்கியவர்களின் கருத்துகளும் இருக்கும். பிடித்த ஒன்றைக் கண்டதும் பணம் கட்டிவிடாமல் இதையெல்லாம் கேளுங்கள்: எந்தத் தேதியில் பொரித்தது, இன்றைய எடை எத்தனை கிராம், என்ன சாப்பிடுகிறது, சில வாரங்களாகத் தவறாமல் சாப்பிடுகிறதா, பெற்றோரின் படம் உண்டா? பெயரும் தேதியும் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துப் புதுப் படமும், இரை பிடிக்கும் வீடியோவும் கேளுங்கள். வால் தடித்திருக்க வேண்டும், அங்கேதான் இது கொழுப்பைச் சேர்க்கும். விரல் நுனியில் பழைய தோல் ஒட்டியிருக்கக் கூடாது.

நல்ல ப்ரீடர் சலிக்காமல் பதில் சொல்வார். உங்கள் தொட்டியைப் பற்றித் திருப்பிக் கேட்கவும் செய்வார். எனக்கு நம்பிக்கை தருவது அந்தத் திருப்பிக் கேட்கும் கேள்விதான். படம் அனுப்பத் தயங்கி, திரும்பப் பெற முடியாத வழியில் பணம் கேட்டால் வாங்காதீர்கள்.

4. நிறத்துக்கு மயங்க வேண்டாம்

நிறத்துக்காகத் தேர்ந்து பெருக்கிய வகைகளை மார்ஃப் என்கிறார்கள். பெரும்பாலானவற்றால் தொல்லை இல்லை. சிலவற்றில் நோயும் சேர்ந்தே வருகிறது. லெமன் ஃப்ராஸ்ட் பளிச்சென்ற மஞ்சளுக்காகப் பெரும் விலைக்கு விற்றது. அப்புறம் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் கட்டிகள் வந்தன. அந்த நிறத்தையும் கட்டியையும் ஸ்பின்ட்1 என்ற ஒரே மரபணுவோடு 2021இல் வெளியான ஆய்வு இணைத்துக் காட்டியது. நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு நோயைக் கழித்துவிட வழியில்லை. எனிக்மா வகையில் நரம்புக் கோளாறு: தலை சாயும், வட்டமாகச் சுற்றும், கண்ணெதிரே நிற்கும் பூச்சியைப் பிடிக்கத் தவறும். தாய், தந்தையில் ஒன்று எனிக்மாவாக இருந்தாலே குஞ்சுகளில் சராசரியாகப் பாதிக்கு அது போகும். “இது லேசானதுதான்” என்று விற்பவர் சொன்னாலும் வாங்காதீர்கள். நாம் வாங்கினால் அடுத்த வருடமும் அதே ஜோடியைச் சேர்ப்பார்கள்.

5. அனுப்பும் நாள்

ஒரே இரவில் சேரும் ஃபெட்எக்ஸ் சேவையில், வெப்பம் காக்கும் பெட்டியில் வர வேண்டும். வாரத் தொடக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை தாமதமானால் சனி, ஞாயிறு கிடங்கிலேயே கிடக்கும். கடுங்குளிரோ கடும் வெயிலோ என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். உயிரோடு சேரும் என்ற உத்தரவாதத்தின் விதிகளை முன்பே படியுங்கள், பெரும்பாலும் வந்த சில மணி நேரத்துக்குள் படம் அனுப்பக் கேட்பார்கள்.

6. வந்த பிறகு

பேப்பர் டவல் விரித்த தொட்டியில் விட்டு, ஒரு வாரமாவது கையில் எடுக்காமல் இருங்கள். முதல் சில நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். பிறகு கால்சியம் தூள் தடவிய சில்வண்டு கொடுங்கள். வீட்டில் வேறு கெக்கோ இருந்தால் இதைத் தனி அறையில், தனிச் சாமான்களோடு இரண்டு மூன்று மாதம் வையுங்கள். கழிவை மருத்துவரிடம் கொடுத்து, கிரிப்டோஸ்போரிடியம் உள்ளிட்ட ஒட்டுண்ணிகளுக்குப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசு போன்ற கிராம் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள், ஆனால் சமையலுக்கு உள்ள அதே தராசு வேண்டாம். எடை தொடர்ந்து இறங்கி வாலும் மெலிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். ப்ரீடருக்கும் தகவல் சொல்லுங்கள், அவரிடம் குஞ்சு வாங்கிய மற்றவர்களை அவர் எச்சரிக்க வேண்டியிருக்கும்.