சோளமும் வெங்காயமும் வைத்து "பரம்பரையா, வளர்ப்பா" என்று காட்டும் முறை

புலமைப்பரிசில் பரீட்சையில் பிள்ளை சித்தியடைந்தால் "பரம்பரை மூளை" என்பார்கள். தவறினால் "வளர்ப்புச் சரியில்லை" என்பார்கள். இரண்டு பேச்சிலும் ஒரே பிழைதான் இருக்கிறது. உளவியல் வகுப்பில் அதை விளக்க நாற்பது பொலித்தீன் பையும் நான்கு கிழமையும் போதும். மரபியலாளர் ரிச்சர்ட் லெவொண்டின் 1970இல் இதை ஒரு சோள உதாரணமாகச் சொன்னார். நாங்கள் அதை மண்ணில் நட்டுப் பார்க்கிறோம்.

முதல் வேலை விதை. கடையில் வாங்கும் கலப்பினப் பைக்கற் உதவாது. அதில் எல்லா விதையும் ஏறக்குறைய ஒரே பரம்பரையலகு (மரபணு) கொண்டவை. நாலைந்து வீடுகளில் எடுத்துவைத்த நாட்டுச் சோளத்தை, பல பொத்திகளிலிருந்து உதிர்த்துக் கலக்குங்கள். இருபது பையில் யாழ்ப்பாணத்துக் கோப்பாய், இணுவில் பக்கத்துச் செம்மண் மூன்று பங்குக்கு மக்கிய மாட்டெரு ஒரு பங்கு. மற்ற இருபதில் நன்றாகக் கழுவிய மணல் மட்டும். விதையைப் பாராமல் கைவிட்டு எடுத்து, செம்மண் ஒன்று, மணல் ஒன்று என மாறிமாறி ஊன்றவேண்டும். பருத்த விதையை நல்ல மண்ணுக்கென்று ஒதுக்கினால் அன்றோடு பரிசோதனை முடிந்தது.

தண்ணீர்தான் பலரும் கோட்டை விடுகிற இடம். இந்த ஊர்கள் இருக்கும் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் உரத்தால் வந்த நைத்திரேற்று அதிகம். அதை ஊற்றினால் மணலுக்கும் பசளை போய்விடும். சேமித்த மழைநீரை எல்லாப் பைக்கும் ஒரே அளவில் விடுங்கள். வெயிலும் ஒன்றாக இருக்கவேண்டும். அணில், கோழி கிளறாமல் வலை போடுங்கள்.

பத்தாம் நாளே அளக்க அவசரப்படாதீர்கள். முதல் இரண்டு கிழமை அளவும் நாற்று விதைக்குள் இருக்கும் உணவில்தான் வளரும். இரண்டு மண்ணும் ஒன்றுபோலத் தெரியும். 28ஆம் நாள், மண்மட்டத்திலிருந்து நீட்டிப் பிடித்த நெடிய இலையின் நுனிவரை அளந்து எழுதுங்கள்.

இனி இரண்டு கேள்வி. செம்மண் பைகளுக்குள்ளேயே ஒன்று உயரமாகவும் ஒன்று கட்டையாகவும் நிற்பது ஏன்? மண்ணும் தண்ணீரும் ஒன்று, ஆகவே பெரும்பாலும் பரம்பரை. மணல் பைகளின் சராசரி குறைந்தது ஏன்? விதையைக் கைபோன போக்கில் பிரித்தோம், ஆகவே மண். ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடு பரம்பரையால் வரலாம்; ஆனால் அதே காரணத்தை இரண்டு கூட்டங்களுக்கு இடையிலான வேறுபாட்டுக்கும் சொல்லமுடியாது. மாணவர் இதைத் தாங்களே சொல்லும்வரை பொறுத்திருங்கள், நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

பக்கத்தில் ஒரு சிறு வரிசை வெங்காயம் வையுங்கள். ஒரே கிழங்கு பிரிந்து வந்த ஒரு கொத்தின் வெங்காயங்கள் ஒருகரு இரட்டையர் (ஒரே கரு பிரிந்து பிறந்தவர்கள்) மாதிரி, பரம்பரையில் ஒன்றே. ஆகவே அவற்றின் வளர்ச்சியில் மணலுக்கும் செம்மண்ணுக்கும் இடையில் வரும் வேறுபாடு மண்ணால் வந்தது. ஆறு எடுத்து மூன்றை மணலிலும் மூன்றைச் செம்மண்ணிலும் நடுங்கள். நடுமுன் நிறுத்து, ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் உள்ளதை விலக்குங்கள். பெரிய கிழங்குக்குக் கையிருப்பு உணவு கூட. இது வெறும் தோட்ட நுணுக்கம் இல்லை. ஒரே நச்சுக்கொடியைப் பங்கிட்ட இரட்டையரிலும் ஒன்றுக்குப் போசாக்குக் குறைந்து, பிறப்பு நிறை குறையலாம். பிறக்கும்போதே இருப்பதெல்லாம் பரம்பரை என்று நினைப்பது தவறு.

பிறகு மனிதக் கணக்குக்கு வரலாம். ஒருகரு இரட்டையரின் இணைபுக் குணகத்திலிருந்து (சோடிகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் எண்) இருகரு இரட்டையரின் (இரண்டு கருவிலிருந்து பிறந்தவர்கள்) குணகத்தைக் கழித்து இரண்டால் பெருக்கவேண்டும். வருவது பரம்பரையின் வீதம், அதாவது ஆட்களுக்கு இடையிலான வேறுபாட்டில் பரம்பரையால் வரும் பங்கு. உதாரணமாக 0.8, 0.5 என்றால் விடை 0.6. இரண்டால் பெருக்குவது, இருகரு இரட்டையர் மாறுபடும் பரம்பரையலகுகளில் சராசரியாகப் பாதியையே பகிர்வதால். 0.8இல் 0.6 போக மிஞ்சும் 0.2 இருவருக்கும் பொதுவான வீடு, 1இல் 0.8 போக மிஞ்சும் 0.2 தனித்தனி அனுபவமும் அளவீட்டுப் பிழையும். இரண்டு வகை இரட்டையரையும் வீடு ஒரே அளவுக்கு ஒத்தவிதமாக நடத்துகிறது என்ற எடுகோளில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. பாடசாலையில் அகப்படும் ஏழெட்டுச் சோடியை வைத்துப் போடாதீர்கள். ஒரு சோடி மாறினாலே விடை தலைகீழாகும்.

2015இல் ஐம்பது வருட இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்தபோது, 17,804 பண்புகளில் பரம்பரையின் பங்கு சராசரியாக 49 வீதம் என்று வந்தது. "பிள்ளையின் குணத்தில் பாதி தாய் தகப்பன் கொடுத்தது" என்று இதை வாசிக்கக்கூடாது. ஆட்களுக்கு இடையில் உள்ள வேறுபாட்டில் பாதி என்பதே பொருள். தனி ஒரு பிள்ளையை இப்படிப் பங்குபிரிக்கக் கணக்கே இல்லை.

கடைசியாக ஒன்று கேளுங்கள்: நாற்பது பைக்கும் செம்மண் போட்டிருந்தால் பரம்பரையின் வீதம் கூடுமா, குறையுமா? பலரும் குறையும் என்பார்கள். கூடும். மண் வேறுபாடு போய்விட்டால் பெரும்பாலும் விதை வேறுபாடே மிஞ்சும். அமெரிக்காவில் உளவியலாளர் எரிக் டேர்க்கைமர் குழு 2003இல் ஏழு வயது இரட்டையரின் நுண்ணறிவு ஈவில் (IQ) கண்டதும் இதற்குக் கிட்டத்தான்: வசதியான வீடுகளில் பரம்பரையின் வீதம் உயர்ந்திருந்தது, வறிய வீடுகளில் பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தது.