பொது வழங்கியில் கருவி வைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரின் விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தில், தமிழ் விக்கிப்பீடியாவுக்குச் சிறு கருவிகள் எழுத விரும்பிய மூவருக்கு டூல்ஃபோர்ஜில் கணக்குத் தொடங்க உதவிக்கொண்டிருந்தேன். விக்கிமீடியா அறக்கட்டளை நடத்தும் இந்தப் பொது வழங்கியில் (சர்வரில்) தன்னார்வ நிரலாளர்கள் தங்கள் கருவிகளைக் கட்டணமின்றி ஓட்டலாம். மூவரில் ஒருவர், மின்னஞ்சல் முகவரி கேட்ட இடத்தில் தம் அலுவலக முகவரியை உள்ளிட்டார். "தம்பி, அதை உடனே அழியுங்கள்" என்று நான் சொன்னது சற்று உரக்கவே ஒலித்திருக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லாதீர்கள் என்பது போன்ற பாடங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

கருவிக்கு ஒரே ஓர் ஆள்

சிங்கப்பூர் தொடர்பான தமிழ்க் கட்டுரைகளில் படம் இல்லாதவற்றைப் பட்டியலிடும் கருவி ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் எழுதினேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒவ்வொரு மாதமும் அந்தப் பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, தேக்கா முதல் ஜூரோங் வரை நடந்து படமெடுப்பார். கருவியைப் பராமரிப்பவர் பட்டியலில் என் பெயர் மட்டுமே இருந்தது. நிரலை வழங்கியிலேயே திறந்து அங்கேயே திருத்துவேன். நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் அதன் பிரதி எதுவும் இல்லை. கணக்கோ அப்போதைய அலுவலக மின்னஞ்சலில் இருந்தது.

2021இல் வேலை மாறினேன். மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்தபோது வழங்கிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பும் அதனுடன் போய்விட்டது என்பது எனக்கு உறைக்கவே இல்லை, ஏனெனில் கருவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டூல்ஃபோர்ஜ் கருவிகளை ஓட்டிவந்த தன் பழைய கிரிட் எஞ்சினைக் கைவிட்டுக் குபெர்நெட்டீஸ் என்ற வேறோர் அமைப்புக்கு மாறப்போகிறது என்ற அறிவிப்புகள் பலமுறை வந்தன. அவை எல்லாம் யாரும் திறக்காத அந்தப் பழைய முகவரிக்கே சென்றன. 2024 மார்ச்சில் கிரிட் எஞ்சின் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகுதான் ஆசிரியர் அழைத்தார்: "தம்பி, பட்டியல் வரவே மாட்டேன் என்கிறதே, என் கணினியில் ஏதும் கோளாறா?"

உங்கள் கணினியில் ஒன்றுமில்லை, ஐயா. கோளாறு முழுவதும் என்னிடம்தான். உள்ளே நுழையச் சாவி இல்லை. புதுச் சாவி ஏற்றக் கடவுச்சொல் நினைவில்லை. கடவுச்சொல்லை மாற்றும் இணைப்போ அலுவலக முகவரிக்குப் போகிறது. அந்தக் கணக்கு என்னுடையதுதான் என்று நிர்வாகிகளிடம் நிறுவுவதற்கே இரண்டு வாரம் ஆயிற்று. உள்ளே போன பிறகு, பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பின் (லைப்ரரியின்) எந்தப் பதிப்பை நம்பி எழுதியிருந்தேன் என்று கண்டுபிடிக்க மூன்று வார இறுதிகள் கரைந்தன, எழுதியவனே நான் என்றபோதும். இத்தனையும் எதனால்? இணைய நிர்வாகப் பக்கத்தில் இரண்டாவது பராமரிப்பாளரின் பெயரைச் சேர்க்க ஒரு நிமிடம் ஒதுக்காததால். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அதனால் யார் கேட்டாலும் இந்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் சொந்த மின்னஞ்சல். அடுத்து, உங்களுடன் ஒரே வீட்டிலோ ஒரே அலுவலகத்திலோ இல்லாத இன்னொருவரைப் பராமரிப்பாளராகச் சேர்ப்பது. பிறகு பொதுக் களஞ்சியத்தில் நிரல், அதனுடன் உரிமக் கோப்பு. திறமூல உரிமம் வேண்டும் என்பது டூல்ஃபோர்ஜின் விதியே ஆனாலும், பலர் அதைச் சடங்காகக் கருதுகிறார்கள். நாளை நீங்கள் காணாமற்போனால் பிறர் அந்த நிரலை எடுத்து நடத்தச் சட்டப்படி வழி கொடுப்பது அந்தக் கோப்புதான். அன்று வந்த மூவரில் ஒரு பலதொழில்நுட்பக் கல்லூரி மாணவர் ஆண்டு முடிவில், சிங்கப்பூரில் ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவைக்குச் செல்கிறார். இரண்டு ஆண்டுகள் அவர் கருவியை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, பக்கத்தில் இருந்த பெண்மணியின் கணக்குப் பெயரைக் கேட்டு வாங்கி அங்கேயே சேர்த்தார்.

நுழைவுக் கணினியில் கனமான வேலை ஓட்டுவது

கூடாது. அது வாசற்படி, எல்லாரும் அதன் வழியாகத்தான் வர வேண்டும்.

இரவு 2 மணி என்று நினைத்துக் காலை 10 மணிக்கு ஓட்டுவது

வழங்கியின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் நடக்கிறது. நமக்கும் அதற்கும் 8 மணி நேர வேறுபாடு. தானாக ஓட வேண்டிய வேலையை, ஊர் உறங்கும்போது ஓடட்டும் என்று 2 மணிக்குக் குறித்தால், அது தொடங்கும்போது சிங்கப்பூரில் காலை 10 மணியாகியிருக்கும். சனிக்கிழமையானால் நம் தொகுப்புப் பயிலரங்கின் நடுவில் தானியங்கி (தானாகத் தொகுக்கும் நிரல்) புகுந்து குட்டையைக் குழப்பும். நள்ளிரவு 0 மணி 0 நிமிடத்தைக் குறிப்பதும் நல்லதல்ல, உலகிலுள்ள பாதிப் பேருக்கு அதே எண்தான் தோன்றுகிறது. குறிப்பிட்ட நேரம் முக்கியமில்லையென்றால், தினமும் ஒருமுறை என்று மட்டும் சொல்லி, நிமிடத்தை வழங்கியே தேர்ந்துகொள்ள விடுங்கள்.

ரகசியக் கோப்பை ஊர் படிக்க வைப்பது

கடவுச்சொல் உள்ள கோப்பின் அனுமதியை 600 ஆக்குங்கள், அதாவது உரியவர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும். பிறகு அது பொதுக் களஞ்சியத்தில் ஏறிவிடவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

பெயர் சொல்லாமல் ஏபிஐ கதவைத் தட்டுவது

நிரல்கள் விக்கிப்பீடியாவிடம் தரவு கேட்கும் வாசல்தான் ஏபிஐ. கேட்பவர் யார் என்று சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியில் கருவியின் பெயரும் உங்களைத் தொடர்புகொள்ளும் வழியும் இருக்கட்டும். இல்லையேல் தடுக்கப்படலாம்.

பதிவுக் கோப்பை மறப்பது

நிரல் தன் ஓட்டத்தையும் பிழைகளையும் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். பொது வழங்கியின் வட்டோ எல்லாரும் பகிர்ந்துகொள்வது. என் தானியங்கி ஒன்று ஒரே பிழைச்செய்தியை வினாடிதோறும் எழுதிக்கொண்டிருந்ததை நான் கவனித்தபோது, அந்தக் கோப்பு திறக்கவே முடியாத அளவுக்கு வீங்கியிருந்தது.

தலைப்பின் நீளத்தை எழுத்துகளில் எண்ணுவது

ஆங்கிலத்தில் சோதித்தால் இந்தத் தவறு வெளிப்படாது. விக்கிப்பீடியாத் தலைப்பின் உச்சவரம்பு 255 பைட் (கணினி நினைவின் அலகு). எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் கணினிக்குத் தனிக் குறியீடு; ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8 என்ற குறிமுறையில் 3 பைட் வேண்டும். "சிங்கப்பூர்" என்பதில் நம் கண்ணுக்கு 6 எழுத்துகள். கணினிக்கு அவை 11 குறியீடுகள், 33 பைட். ஆகவே தமிழ்க் குறியீடுகள் மட்டுமே உள்ள தலைப்பு 85 குறியீடுகளுடன் நின்றுவிடும். நீண்ட தலைப்பை நிரலில் நறுக்க நேர்ந்தால் எழுத்தின் முழு வடிவத்தைப் பார்த்து நறுக்குங்கள். பைட்டைப் பார்த்து நறுக்கிய என் பட்டியலில் ஊர்ப் பெயர்கள் பல, புள்ளியை இழந்தும் கொம்பை இழந்தும் வந்து நின்றன.